ஏரியில் எத்தனை சால்மன் விடலாம்? தூண்டில்காரர்களும் மீன்வளத் துறையும் பேசிக்கொண்ட கதை



நீலகிரி அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வளர்த்த ட்ரவுட் மீனைப் பற்றி எழுதியபோது, பின்னூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சால்மன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "ஐயா, சால்மன் கடல் மீன்தானே, மிச்சிகன் ஏரியில் எப்படி வந்தது?" என்பது ஒரு பிள்ளையின் கேள்வி. நல்ல கேள்வி. மிச்சிகனில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தபோது எனக்கும் அதே சந்தேகம் வந்து, பக்கத்து நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அந்த நோட்டை எடுத்துவைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பதிவு நீளமானது. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சிறு விளக்கம். நம் ஊர் மீன் கடையில் "இந்தியன் சால்மன்" என்று விற்பது காலா மீன். அதற்கும் இதற்கும் உறவில்லை. நான் சொல்லப்போவது பசிபிக் பெருங்கடல் சால்மன். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து முட்டையிட்டுச் செத்துப்போகும் மீன். அதில் கோஹோ, சினூக் என்ற இரண்டு வகைகள் இந்தக் கதைக்கு வேண்டும்.

ஐம்பெரும் ஏரிகளைப் புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மிச்சிகன் ஏரி மட்டுமே ஏறக்குறைய 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. அலை அடிக்கும். உப்பு மட்டும்தான் இல்லை.

இந்த ஏரிகளின் ராஜா ஒரு காலத்தில் ஏரி ட்ரவுட் என்ற மீன். கடலிலிருந்து மீன்கள் ஏறிவர முடியாதபடி நயாகரா அருவி குறுக்கே நின்றது. கப்பல் போக்குவரத்துக்காக 1829-ல் வெல்லண்ட் கால்வாயைத் திறந்து அருவியைச் சுற்றிக்கொண்டு போக வழி செய்தார்கள். கப்பலுக்குத் திறந்த வழியில் மற்றவையும் வந்தன. 1930-களில் லாம்ப்ரே என்ற உறிஞ்சி மீன் மேல் ஏரிகளுக்குள் பரவிவிட்டது. பார்க்க விலாங்கு மாதிரி இருக்கும். தாடை கிடையாது. வட்டமான வாயில் பல் வரிசை. பெரிய மீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஏற்கெனவே வலைக்காரர்கள் அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டிருந்த ஏரி ட்ரவுட், 1950-களின் நடுவில் மிச்சிகன் ஏரியிலிருந்து அற்றே போனது.

பெரிய மீன் போனால் என்ன ஆகும்? ஏழாம் வகுப்பில் உணவுச் சங்கிலிப் படம் வரையச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? மேலே இருப்பதை அழித்தால் கீழே இருப்பது பெருகும். ஏல்வைஃப் என்று ஒரு சின்ன மீன். நம் மத்தி, சாளை இனத்துக்கு உறவு. அட்லாண்டிக் கடலைச் சேர்ந்த அதுவும் உள்ளே வந்துவிட்டது. தின்ன ஆளில்லாததால் பெருகியது. 1960-களின் நடுவில் மிச்சிகன் ஏரியில் உள்ள மீன்களின் மொத்த எடையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ஏல்வைஃப் என்று கணக்கிட்டார்கள். 1967 கோடையில் அவை கோடிக்கணக்கில் செத்து, சிகாகோ தொடங்கி ஏரிக்கரை நெடுக ஒதுங்கின. புல்டோசர் வைத்து அள்ளினார்கள்.

இந்த நிலையில்தான் 1964-ல் ஹோவர்டு டானர் என்பவர் மிச்சிகன் மாநில மீன் பிரிவுக்குத் தலைவராக வந்தார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் பணிபுரிந்து திரும்பிய பிறகு மீனியல் படித்தவர். பிரமாதமாக ஏதாவது செய்துகாட்டு என்பதுதான் மேலதிகாரி ரால்ஃப் மக்முல்லன் அவருக்குக் கொடுத்த வேலை. லாம்ப்ரேயை ஆறுகளிலேயே கொல்லும் மருந்தை ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைச் சோதித்துக் கண்டுபிடித்து, 1958 முதல் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே ஏரியில் மறுபடி பெரிய மீன் பிழைக்க இடமிருந்தது.

மத்திய அரசின் மீன்துறைக்கு ஏல்வைஃபை வலை போட்டு அள்ளி விற்கும் தொழிலை வளர்க்கும் எண்ணம். டானர் வேறு திசையில் யோசித்தார். அந்த ஏல்வைஃபைத் தீனியாக்கி, தூண்டில்காரர்கள் தேடிவரும் மீனாக மாற்றினால்? ஒரிகன் மாநிலக் குஞ்சுப் பொரிப்பகங்களில் கோஹோ முட்டை உபரியாக இருந்தது. பத்து லட்சம் முட்டைகளை வாங்கினார். 1966 ஏப்ரல் 2 அன்று பிளாட் ஆற்றில் விழா வைத்துக் குஞ்சுகளை விட்டார்கள். அந்த வசந்தத்தில் மட்டும் எட்டு லட்சத்துக்கும் மேல். அடுத்த ஆண்டு சினூக்கும் வந்தது.

இங்கே பணக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அது புரியாமல் பின்னால் வரும் சண்டை எதுவும் புரியாது. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடவும் உரிமச் சீட்டு வாங்க வேண்டும். மாநில மீன் பிரிவு பெருமளவு அந்தக் கட்டணத்தில்தான் நடக்கிறது. தூண்டில், சுருள், இரை போன்ற பொருள்களுக்கு மத்திய அரசு வாங்கும் வரியும் 1950-ல் வந்த ஒரு சட்டப்படி மாநிலங்களின் மீன் வேலைக்கே திரும்பிவருகிறது. அதனால் தூண்டில்காரர் கூட்டத்துக்கு வந்தால் மனுக் கொடுக்க வந்தவர் மாதிரி நிற்கமாட்டார். கூலி கொடுத்தவர் மாதிரி நிற்பார். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர் ஒருவர் என்னிடம் அப்படித்தான் பேசினார்: "அவை எங்கள் மீன்கள்."

1967 இலையுதிர் காலத்தில் முழு வளர்ச்சி அடைந்த கோஹோ ஆறு தேடித் திரும்பியபோது ஊரே பித்துப் பிடித்தது போல ஆனது. படகு என்று பெயர் சொல்லத்தக்க எதையும் எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் பிளாட் விரிகுடாவுக்கு வந்தார்கள். செப்டம்பர் 23 அன்று புயல் வந்தது. சிறு படகுகளுக்கு எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். ஆனாலும் போனவர்கள் பலர். ஏழு பேர் மாண்டார்கள். ஏரியில் சால்மன் இருக்கிறது என்ற செய்தி போன வேகத்தில், அந்த ஏரி எப்படிப்பட்டது என்ற செய்தி போகவில்லை.

அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் பொற்காலம். சின்னச் சின்னத் துறைமுக ஊர்களில் விடுதி, படகுத்துறை, இரைக்கடை என்று பெருகின. ஆண்டுதோறும் துறை இத்தனை லட்சம் குஞ்சு விட்டோம் என்று அறிவிக்கும், ஊர் கைதட்டும். துறைக்கும் தூண்டில்காரருக்கும் இடையே இருந்த பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். நிறைய விட்டால் நிறைய கிடைக்கும் என்பதை மக்கள் மனதில் ஊன்றியது துறையே என்பது என் கருத்து. பின்னாளில் அதே துறை, குறைத்து விட்டால்தான் மீன் பிழைக்கும் என்று சொல்லும்போது ஒருவன் நம்புவானா?

இந்தக் கைதட்டலில் சேராதவர்களும் இருந்தார்கள். வலைத் தொழிலாளர்களை மாநிலம் படிப்படியாக ஒதுக்கியது. ஒடாவா, ஒஜிப்வே பழங்குடியினருக்கு 1836 ஒப்பந்தப்படி அந்த நீரில் மீன் பிடிக்கும் உரிமை இருந்தது. சால்மன் திட்டத்தில் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆல்பர்ட் லெபிளாங்க் என்ற பழங்குடி மீனவர் 1971-ல் வேண்டுமென்றே வலை போட்டுக் கைதாகி வழக்கு நடத்தினார். 1976-ல் மாநில உச்ச நீதிமன்றம், 1979-ல் மத்திய நீதிபதி நோயல் ஃபாக்ஸ் என்று இரண்டு இடத்திலும் ஒப்பந்த உரிமை உறுதியானது. தூண்டில்காரர்களில் பலர் இதைத் தங்கள் மீனைப் பறிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். படகுத்துறைகளில் வசவும் மிரட்டலும் நடந்தன. 1985-ல் நீதிமன்றத்தின் வழியாக ஒரு உடன்பாடு வந்த பிறகுதான் ஏரியை யார் எங்கே பயன்படுத்துவது என்று உட்கார்ந்து பேசும் பழக்கமே தொடங்கியது. இதை மட்டும் தனியாக ஒரு பதிவாக எழுத வேண்டும். இன்னொரு நாள்.

பொற்காலத்துக்கு முதல் அடி 1988-ல் விழுந்தது. மிச்சிகன் ஏரியில் சினூக் மீன்கள் செத்து ஒதுங்கத் தொடங்கின. சிறுநீரகத்தைத் தாக்கும் பாக்டீரியா நோய். ஏல்வைஃப் குறைந்து பசியில் தளர்ந்திருந்த மீனை நோய் எளிதாகப் பிடித்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதினார்கள். அதே 1988-ல்தான் வரிக்குதிரை மட்டி என்ற சின்னச் சிப்பி இந்த ஏரிகளின் வழியில் உள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டெடுக்கப்பட்டது. கப்பல்கள் கொண்டுவந்து கொட்டிய நீரில் வந்தது. பின்னாலேயே அதன் உறவான குவாக்கா மட்டியும் வந்தது. இவை தண்ணீரை வடிகட்டி, அதிலுள்ள மிதவை உயிர்களைத் தின்னும். ஏல்வைஃபுக்கு அதுதான் சோறு. இப்போது சங்கிலிப் படத்தை மறுபடி மனதில் வரையுங்கள். ஏல்வைஃபை மேலேயிருந்து சால்மன் தின்கிறது. கீழே அதன் சோற்றை மட்டி பறிக்கிறது.

பக்கத்து ஏரியான ஹியூரானில் இது முடிவுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். என் நோட்டில் அதிகப் பக்கம் இதற்குத்தான். 2003 வாக்கில் அங்கே ஏல்வைஃப் கூட்டம் சரிந்து விழுந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் சினூக் மீன்பிடியும் அதனோடு போனது. ஆனால் அதற்குச் சற்று முந்தைய ஆண்டுகளில் தூண்டில்காரர்களுக்கு அருமையான வேட்டை. நான் சொன்ன அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அந்த நாளை நினைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். காலையில் போனால் பத்து மணிக்குள் அனுமதித்த எண்ணிக்கை நிறைந்துவிடுமாம். "அப்போது போய் ஏரி சாகப்போகிறது என்று ஒருவன் சொன்னால் நான் எப்படி நம்புவேன், சொல்லுங்கள்" என்றார்.

பசித்த மீன் எதைப் போட்டாலும் கவ்வும். அதனால் தூண்டிலில் நிறைய மாட்டியது. ஆனால் நீளத்துக்கேற்ற எடை இல்லை. தலை பெரிதாக, உடம்பு ஒட்டி இருந்தது. தூண்டில்காரர் எண்ணிக்கையைப் பார்த்தார், ஆய்வாளர் எடையைப் பார்த்தார். அவரவர் பார்த்தது உண்மைதான். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியிருக்க வேண்டும். போதிய அளவு அது நடக்கவில்லை.

ஆய்வாளர்களுக்கும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. குஞ்சுகளுக்குக் கொடுக்கும் தீனியில் ஒரு மருந்தைக் கலந்தால் எலும்பில் அடையாளம் விழும். அப்படி அடையாளமிட்டுப் பார்த்ததில், ஹியூரான் ஏரியின் சினூக் மீன்களில் பத்தில் எட்டு ஆற்றில் தாமாகப் பிறந்தவை என்று தெரிந்தது. பெரும்பாலும் கனடாப் பக்கத்து ஆறுகளில். அதாவது, எத்தனை குஞ்சு விடுவது என்று துறை போட்ட கணக்கெல்லாம் ஏரியில் இருந்த மீனில் ஐந்தில் ஒரு பங்கைப் பற்றியது மட்டுமே. மீதி மீன் தன் கணக்கைத் தானே போட்டுக்கொண்டிருந்தது.

ஹியூரான் கரையின் துறைமுக ஊர்களில் சுற்றுலாப் படகுகள் விற்பனைக்கு வந்தன. விடுதிகள் காலியாயின. ஆனால் ஏல்வைஃப் போன இடத்தில் வேறொன்று நடந்தது. ஏல்வைஃப் மற்ற மீன்களின் குஞ்சைத் தின்றுகொண்டிருந்தது. அது போனதும் சாகினா விரிகுடாவில் வால்ஐ என்ற உள்நாட்டு மீன் தானாகப் பெருகியது. 2006 முதல் அங்கே வால்ஐ குஞ்சு விடுவதையே நிறுத்திவிட்டார்கள், அவசியமில்லாமல் போனது. ஏரி ட்ரவுட்டும் இயற்கையாக இனம்பெருக்கத் தொடங்கியது. ஏரி நலமடைந்தது என்று உயிரியலாளர் சொல்வார். சால்மனை நம்பிக் கடன் வாங்கிப் படகு வாங்கியவரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

மிச்சிகன் ஏரிக்காரர்களுக்கு இது கண்முன் நின்ற எச்சரிக்கை. அங்கே துறையின் பேச்சு முறை மாறியது. 2012-ல், குஞ்சு எண்ணிக்கையைக் குறைப்பதா, எவ்வளவு குறைப்பது என்ற முடிவுக்கு முன்பே தூண்டில்காரர்கள், படகு ஓட்டிகள் எல்லோரையும் அழைத்தார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒரு கணக்கு மாதிரி செய்திருந்தார்கள். இப்படிச் செய்தால் ஏல்வைஃப் சரியும் வாய்ப்பு இவ்வளவு, அப்படிச் செய்தால் இவ்வளவு என்று பல வழிகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார்கள். உறுதியாகத் தெரியாததையும் வாய்ப்புக் கணக்காகவே சொன்னார்கள். விளைவு, 2013 முதல் ஏரி முழுவதற்கும் சினூக் குஞ்சு 33 லட்சத்திலிருந்து ஏறக்குறைய பாதியானது. நான்கு மாநிலங்களில் அதிக வெட்டை ஏற்றது மிச்சிகன் மாநிலம். தாமாகப் பிறக்கும் மீன் அதிகம் வருவது அதன் ஆறுகளிலிருந்துதான் என்பது காரணம். தங்கள் மீனைப் பாதியாகக் குறைப்பதற்குத் தூண்டில்காரர்களில் கணிசமானவர்கள் தலையாட்டினார்கள். ஹியூரானைப் பார்த்திருந்தார்களே.

எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2016-ல் இன்னும் 62 சதவீதம் குறைக்க வேண்டும் என்று துறைகள் முன்மொழிந்தபோது பெரிய எதிர்ப்பு. ஏல்வைஃப் எவ்வளவு என்று துறை எப்படி அறிகிறது? 1973 முதல் ஆண்டுதோறும் ஏரியின் அடியில் இழுவலை இழுத்து எடை போடுகிறார்கள், பிறகு ஒலியலை வைத்தும் அளக்கிறார்கள். தூண்டில்காரர் படகிலும் ஒலியலைக் கருவி இருக்கிறது. திரையில் தீனி மீன் கூட்டம் உருண்டை உருண்டையாகத் தெரிகிறதே, இல்லை என்கிறீர்களே, உங்கள் வலை போகாத இடத்தில் மீன் இருக்கிறது என்றார்கள். முழுக்கத் தவறான பேச்சு என்று தள்ளிவிட முடியாது. வலை எல்லா இடத்துக்கும் போவதில்லைதான். ஆனால் ஒரே முறையில், ஒரே இடங்களில், நாற்பது ஆண்டு இழுத்த வலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும். மீன் கூடும் இடம் தேடிப் போகிற படகுக்குக் கூட்டம் தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

இன்னொரு வாதமும் எழுந்தது. ஏல்வைஃபைத் தின்பது சினூக் மட்டுமா, நீங்கள் விடும் ஏரி ட்ரவுட்டும் தின்கிறதே, அதைக் குறைத்தால் என்ன? ஏரி ட்ரவுட் மண்ணின் மீன். அதை மீட்பது மத்திய அரசுக்கும் பழங்குடியினருக்கும் முக்கியம். பல கூட்டங்களுக்குப் பிறகு முன்மொழிவு திருத்தப்பட்டது. சினூக் வெட்டு சற்றுக் குறைந்து, ஏரி ட்ரவுட் உள்ளிட்ட மற்ற மீன்களிலும் கொஞ்சம் குறைத்தார்கள். ஒவ்வொரு மீனும் எவ்வளவு ஏல்வைஃப் தின்னும் என்று சினூக் கணக்குக்கு மாற்றிச் சமன்செய்தார்கள். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் கூட்டத்தில் பேசியது தாளில் ஏறியது. 2020-க்குப் பிறகு நிலைமை தேறியதைப் பார்த்து எண்ணிக்கையை மெல்ல ஏற்றவும் செய்தார்கள்.

நம்பிக்கை வளர்ந்ததற்குக் கூட்டங்களைவிட மீன் தலைகள்தான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன். சால்மனின் முதுகில் வாலுக்குச் சற்று முன்னால் சதையாக ஒரு சின்னத் துடுப்பு உண்டு. பொரிப்பகத்தில் வளர்ந்த சினூக் குஞ்சுகளுக்கு அதை வெட்டிவிட்டு, மூக்கில் ஒரு மில்லிமீட்டர் நீளக் கம்பித் துண்டைச் செலுத்தி விடுகிறார்கள். அதில் எண் பொறித்திருக்கும். எந்தப் பொரிப்பகம், எந்த ஆண்டு, எங்கே விட்டது என்று அந்த எண் சொல்லும். துடுப்பு இல்லாத மீன் கிடைத்தால் தூண்டில்காரர் தலையை வெட்டிப் பையில் போட்டு, பிடித்த இடமும் தேதியும் எழுதிக் கொடுத்துவிடலாம். மிச்சிகன் ஏரியில் இப்படிச் சேர்ந்த விவரத்திலிருந்துதான் பாதிக்கு மேற்பட்ட சினூக் ஆற்றிலேயே பிறந்தவை என்பது உறுதியானது. ஓர் ஊரில் விட்ட மீன் ஏரி முழுக்கச் சுற்றி வேறு மாநிலத்துக்காரர் தூண்டிலில் மாட்டுகிறது என்பதும் தெரிந்தது. "எங்கள் துறைமுகத்துக்கு ஏன் குறைத்தீர்கள்" என்ற சண்டைக்கு இதுவே பதில். அந்தப் பதிலைக் கொடுத்தது சண்டை போட்டவர்களின் சொந்த மீன்.

"சால்மன் தூதர்கள்" என்று ஒரு தொண்டர் திட்டமும் இருந்தது. பருவம் முழுக்கப் பிடித்த ஒவ்வொரு மீனுக்கும் நீளமும், துடுப்பு உண்டா இல்லையா என்பதும் எழுதி அனுப்பினார்கள். அவரவர் துறைமுகத்தின் முடிவு அவர்களுக்கே திரும்பி வந்தது. 2017 முதல் பல்கலைக்கழகம் நடத்திய இன்னோர் ஆய்வுக்குத் தூண்டில்காரர்கள் மீனின் இரைப்பையையே பையில் கட்டி உறையவைத்துக் கொடுத்தார்கள். எந்த மீன் எதைத் தின்றது என்று வயிற்றைத் திறந்து பார்க்கத்தான். பக்கத்து வீட்டுக்காரரும் கொடுத்திருக்கிறார். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் அந்தப் பைகள் இருந்ததில் அவர் மனைவிக்குத்தான் வருத்தம்.

ஹோவர்டு டானர் தொண்ணூற்றைந்து வயதில் தன் சால்மன் கதையைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். வாய்ப்புக் கிடைத்தால் படியுங்கள். ஆங்கிலம் எளிமையாகத்தான் இருக்கிறது, பட்டயப் படிப்போடு நின்ற எனக்கே புரிந்தது.

மிச்சிகனில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை லிட்டில் மனிஸ்டீ ஆற்றில் உள்ள தடுப்பில் சினூக் மீன்களை நிறுத்தி, முட்டை எடுத்து, அளந்து எடை போடுவார்கள். பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். அங்கே தெரியும் எடையும் அடுத்து எத்தனை குஞ்சு விடுவது என்ற பேச்சில் ஓர் எண்ணாக வந்து நிற்கும். போகிறவர்கள் குழந்தைகளையும் கூட்டிப்போங்கள். வாலுக்கு முன்னால் அந்தச் சின்னத் துடுப்பு இருக்கும் மீன் எத்தனை, இல்லாத மீன் எத்தனை என்று அவர்களை எண்ணச் சொல்லி, இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள்.